டேஷ்போர்டில் ஒரு சாக்பீஸ் கோடு

கார் நாலு மரக்கட்டைமேல் நின்றது. சக்கரம் ஒன்றுகூட இல்லை. உள்ளே என் மச்சான் சூசை உட்கார்ந்து ஸ்டேரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். கண்ணை மூடியிருந்தான். எஞ்சினை வாயாலேயே ஓட்டினான், கியரையும் வாயாலேயே மாற்றினான். பேரன் எடுக்கிற வயசு அவனுக்கு.

நான் கதவோரம் நின்று அவன் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேரிங்கைப் பிடித்தபடி கை மேலே ஏறும். கடிகாரத்தில் சின்ன முள் பத்துக்கு வருமே, அந்த இடம் வரைக்கும் வரும். அங்கே நின்றுவிடும். வாயில் ஓடிய எஞ்சினும் நின்றுவிடும்.

"இன்னா மச்சான், டீசல் தீந்துபூடுச்சா?"

"பெட்ரோல் வண்டி மாமா இது. அதுகூடத் தெரியாம நீ இன்னா மெக்கானிக்கு?"

பலகை அறுக்கிறவர் யாரோ என் பட்டறையில் விட்டுப்போன சாக்பீஸ் ஒன்று ஜன்னலில் கிடந்தது. எடுத்து, அவன் கை நின்ற இடத்துக்கு நேராக டேஷ்போர்டில் ஒரு கோடு இழுத்தேன். கறுப்பில் வெள்ளைக் கோடு. விபூதி வைத்த மாதிரி இருந்தது.

"இதுக்கு மேல உன் கை ஏற வாணாம். மீதிய வண்டி பாத்துக்கும்."

"எந்த வண்டி அப்பிடிப் பாத்துக்கும்?"

எனக்கும் தெரியாது. வாய் சொல்லிவிட்டது.

பாரத்தின் உச்சியிலிருந்து

சூசையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே வந்திருக்கும். என் வீட்டுக்காரி ரோசலியின் தம்பி. அவர்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்; நாங்கள் வில்லியனூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். நாங்கள் கல்யாணம் கட்டிக்கொண்ட கதையைச் சொல்லி முடித்துவிட்டேன், மறுபடி ஆரம்பித்தால் ரோசலி திட்டுவாள்.

அவர்கள் வீட்டில் ஓட்டுகிற ரத்தம். தாத்தா சொல்தா. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் போய் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். வந்த பிறகும் ஊரில் மாட்டு வண்டியில் ஏறினால் வலது காலால் பிரேக்கைத் தேடுவாராம். மகன் பஸ் ஓட்டினார். பேரன் சூசை கரும்பு லாரி.

கரும்பு லாரி என்றால் லாரி ஓட்டுவது மட்டும் இல்லை. பாரம் ஏற்றிக் கயிறு கட்டும்போது டிரைவரும் உச்சிக்கு ஏற வேண்டும். ஆலைக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது கட்டு தளர்ந்தது. இறுக்கப் போனவன் தோகையோடு சறுக்கி வந்து தார் ரோட்டில் இடது தோளில் விழுந்தான்.

எலும்பு கூடிவிட்டது. தோள் மட்டும் இறுகிப்போனது. கையில் பலம் உண்டு, ஒரு மூட்டை அரிசியை இடுப்பில் அணைத்துக்கொண்டு போவான். ஆனால் மேலே தூக்க முடியாது. சட்டை போடும்போது இடது கையை முதலில் விட்டுவிட்டு, பிறகுதான் வலது கை.

டாக்டர், லாரி வேண்டாம், கைக்குத் தோதாக இருந்தால் சின்ன வண்டி ஓட்டிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார். வீட்டில் குட்டியானை ஒன்று நின்றது. காய்கறி, உர மூட்டை, வாழைத்தார் ஏற்றுகிற சின்ன பார வண்டி. ஆனால் அதன் சாவியை அவன் மகள் ஜான்சி எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஜான்சிக்குத் தாய் இல்லை. சின்ன வயசிலேயே போய்விட்டாள். லாரியின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான் அந்தப் பெண் வாய்ப்பாடு படித்தது. இன்றைக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அப்பன் விழுந்த அன்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த இடத்தில் அவள் நின்றாள். அதற்குப் பிறகு சாவியைப் பற்றிப் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

சூசை வீட்டிலேயே கிடந்தான். காலையில் எழுந்து குட்டியானையைத் துடைப்பான். டயரில் காற்று பார்ப்பான். கதவைத் திறந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பான். மத்தியானம் இறங்கி வந்து சாப்பிடுவான்.

ஏரியில் ரேஸ்

பாகூர்ப் பக்கம் ஒரு சின்ன ஏரி உண்டு. கோடையில் வற்றினால் மாடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். கொஞ்ச வருஷமாக, திருவாண்டார்கோயில் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்கிற இளவட்டங்கள் அங்கே மண்ணில் கார் ரேஸ் விடுகிறார்கள். பழைய சின்னக் கார்கள். கண்ணாடியை எல்லாம் கழற்றிவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, பெல்ட்டும் ஹெல்மெட்டும் போட்டு ஓட்டுவார்கள். முட்டை மாதிரி நீட்டு வட்டம். ஓரத்தில் இடுப்பளவு மண் கரை. கரையில் மோதினால் வெளியே.

சூசை ஒரு வருஷம் வேடிக்கை பார்த்தான். அடுத்த வருஷம் எங்கேயோ முருங்கை மரத்தடியில் கோழி அடைந்துகொண்டிருந்த ஒரு காரை இழுத்துவந்து என் பட்டறையில் விட்டான்.

ஜான்சிக்குத் தெரிந்தது. பட்டறைக்கே வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்போடு வந்தாள்.

"மாமா, உனுக்கு அறிவு இக்குதா?"

"உங்கத்தய கேளு."

"எங்கப்பனுக்கு இல்லன்னு தெரியும். உனுக்குமா?"

சூசை காருக்கு அடியில் படுத்துக்கொண்டான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்தே அவள் பேசினாள்.

"ஓட்டு. ஒரே ஒரு ரேசு. கரைல முட்டாம முழுசா முடிச்சிட்டு வந்தீன்னா குட்டியானை சாவிய நானே உன் கைல குடுக்கறேன். முட்டுன, அன்னிக்கே வண்டிய வித்துடுவேன். அப்பால ஸ்டேரிங்கு, ஸ்டேரிங்குன்னு என்கிட்ட வரக்கூடாது."

காருக்கு அடியிலிருந்து, "ஜெயிக்க வாணாமா?" என்று குரல் வந்தது.

"முட்டாம வா, போதும்."

பந்தயம் இதுதான். கோப்பையைப் பற்றி எங்களுக்கு ஒரு நினைப்பும் இல்லை.

எல்லாவற்றையும் கெட்டியாக்கினேன்

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. மாடு ஓட்டினேன், பிறகு வில்லுப் பட்டறையில் சுத்தியல் பிடித்தேன். லாரிக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் அடியில் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கியிருப்பார்களே, அந்த வேலை. வாழ்நாள் முழுக்க என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "பாரம் தாங்கல, ஒரு பட்டை சேத்து ஏத்து."

எங்கள் பக்கத்தில் வண்டி என்றால் பாரம். கரும்பு, நெல் மூட்டை, செங்கல். பள்ளிக்கூட வேன்கூடப் பிள்ளைகள் தலைக்குமேல் பை ஏற்றித்தான் வரும். அமுங்கினால் வண்டி கெட்டுவிட்டது என்று அர்த்தம். அமுங்காமல் செய்வதுதான் வேலை.

அந்தப் புத்தியிலேயே சூசையின் காருக்கும் செய்தேன். ஷாக் அப்சார்பர் நாலையும் கழற்றி, உள்ளே இருந்த எண்ணெயை வடித்து, கெட்டி எண்ணெய் ஊற்றினேன். ஸ்பிரிங்குக்கு அடியில் ரப்பர் கொடுத்து உயர்த்தினேன். கையால் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஏரிக்குக் கொண்டுபோனோம். கார்களைச் சரிபார்த்து அனுமதி தருகிற பெண் அங்கே இருந்தாள். கயல்விழி என்று பெயர். கம்பெனியில் எஞ்சினியர். முட்டி வரை மண். என் காரின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், இதுல எத்தனை மூட்டை ஏத்தப் போறீங்க?"

"மூட்டை ஏன்மா?"

"முன்னாடி சாஃப்டா வைங்க அங்கிள். சக்கரம் மண்ண விட்டு எழும்பக்கூடாது."

சரிம்மா என்றேன். சின்னப் பெண், ஏதோ படித்ததைச் சொல்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஈரமாக இருந்தபோது மாடு நடந்த குளம்புக் குழிகள் அந்த ஏரியில் காய்ந்து கல்லாகிக் கிடக்கும். சூசை வேகம் எடுத்ததும் கார் அவற்றின்மேல் தவளை மாதிரிக் குதித்தது. முதல் வளைவில் ஸ்டேரிங்கை இடது பக்கம் முழுக்கத் திருப்பினான். கார் நேராகவே போனது. கரைக்கு முன்னால் சாக்கு மூட்டையில் மண் கட்டி வைத்திருந்தோம், அதைத் தூக்கி எறிந்துவிட்டு நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாமா, நான் திருப்பனன். சத்தியமா திருப்பனன். சக்கரம் அப்ப ஊர்ல இல்ல."

கயல்விழி சொன்னதுதான் சரி. சக்கரம் மண்ணில் பதிந்தால்தான் ஸ்டேரிங் கேட்கும். அந்தரத்தில் இருக்கிற சக்கரத்தை எவ்வளவு திருப்பி என்ன? பட்டறைக்கு வந்து முன் ஷாக் இரண்டையும் மறுபடி பிரித்தேன். இளகின எண்ணெய் ஊற்றினேன். உயர்த்தின ரப்பரை எடுத்துப் போட்டேன். முன்பக்கம் அழுத்தினால் படுத்து எழுந்தது. எனக்குக் கையே கூசியது. ஒரு வண்டியை நான் என் கையால் கெடுத்த மாதிரி இருந்தது.

எட்டவில்லை

அடுத்தது ஸ்டேரிங். இடது பக்கமே சுற்றுகிற ஓட்டம். இடப்பக்கம் திருப்பும்போது இடது கை கீழேதான் இறங்கும், வலி இல்லை. ஆனால் ஒரு இழுப்பில் வளைவு முடியாது. கையை எடுத்து, மறுபடி உச்சியில் பிடித்து இழுக்க வேண்டும். அங்கேதான் மாட்டும். வளைந்த பிறகு வலப்பக்கம் திருப்பி நிமிர்த்தும்போதும் கை சாக்பீஸ் கோட்டைத் தாண்டி மேலே ஏற வேண்டும்.

டிராக்டர்காரர்கள் ஸ்டேரிங்கில் ஒரு குமிழ் வைத்து ஒற்றைக் கையால் சுற்றுவார்கள். அது மாதிரி வைக்கலாமா என்று கயல்விழியைக் கேட்டோம். கூடவே கூடாது என்றாள். குழியில் விழுந்தால் ஸ்டேரிங் உதறும், குமிழ் கட்டைவிரலை உடைத்துவிடும். நான், சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டேரிங் கைகளை அறுத்துக் குட்டையாக்கிப் பற்றவைக்கலாம் என்றேன்.

"அங்கிள், ஸ்டேரிங்ல வெல்டிங் வெச்சீங்கன்னா உங்க வண்டிய உள்ளயே விடமாட்டேன்."

அவளே எங்கிருந்தோ ஒரு பவர் ஸ்டேரிங் கொண்டுவந்து கொடுத்தாள். மோட்டார் வைத்தது. ஒரு விரலால் திருப்பலாம். மாட்டிக்கொடுத்தேன். சூசை ஒரு சுற்று போய்விட்டு வந்து இறங்கினான்.

"எடுத்துடு மாமா."

"ஏன், லேசாதான இக்குது?"

"லேசுதான். ஆனா அத்தினி சுத்தும் சுத்த வேண்டிக்குது. அப்பால மண்ணு இன்னா சொல்லுதுன்னு கைக்கு வர்ல. போன்ல பேசற மாதிரி இக்குது."

பலம் அவனுக்கு இருக்கிறது. எட்டம்தான் இல்லை. அதனால் கொஞ்சம் திருப்பினாலே சக்கரம் அதிகம் திரும்புகிற ஸ்டேரிங் ரேக் ஒன்றை வேறு காரிலிருந்து எடுத்து, அறுக்காமல் பற்றவைக்காமல் போல்ட்டிலேயே பொருத்தினோம். திருப்பக் கனமாக இருந்தது. முன் டயரை ஒடுக்கமாகப் போட்டுக் கொஞ்சம் காற்றை ஏற்றினோம், கனம் குறைந்தது. பவர் ஸ்டேரிங்கைச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தேன்.

அப்படியும் போதவில்லை. கோட்டுக்கு மேலே இன்னும் நாலு விரல் வேண்டியிருந்தது.

தேருக்கு ஏது ஸ்டேரிங்

அந்தச் சமயத்தில் வில்லியனூரில் தேர் வந்தது. வெள்ளைக்கார துரையே வந்து வடம் பிடித்த தேர் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். இன்றைக்கும் பெரிய பதவியில் இருப்பவர்கள் வந்துதான் தொட்டுத் தொடங்கி வைப்பார்கள். சூசை வேதக்காரன்தான், ஆனால் ஒரு வருஷமும் தேரை விட்டதில்லை. மாதா கோயில் தேரில் அவன் விளக்குப் பிடித்தால் நான் போய் நிற்பேன், இங்கே அவன் வந்து நிற்பான். இரண்டு இடத்திலும் நீர்மோரை மட்டும் அவனே அதிகம் குடிப்பான்.

தெருமுனையில் நின்றோம். தேர் ஆடிக்கொண்டு வந்தது. திருப்புகிற இடம். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஓடினார்கள். பெரிய மரக்கட்டை, ஆப்பு மாதிரி இருக்கும், கைப்பிடி வைத்தது. அதைக் குறிபார்த்துச் சக்கரத்தின் அடியில் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் தடைபடும். மறுபக்கம் ஓடும். மொத்தத் தேரும் அந்தக் கட்டையைச் சுற்றித் திரும்பும். பின்பக்கம் அகட்டிக்கொண்டு வரும், கூட்டம் ஓவென்று விலகும்.

சூசை மோர் டம்ளரை வாயில் வைத்தபடியே நின்றான்.

"மாமா."

"இன்னா?"

"தேருக்கு ஸ்டேரிங்கு எங்க?"

"தேருக்கு ஏதுடா ஸ்டேரிங்கு?"

"அதத்தான் கேக்கறன். அம்மாம் பெருசு, ஸ்டேரிங்கே இல்லாம திரும்புது."

அப்புறம் நாங்கள் சாமி பார்க்கவில்லை. சாமி மன்னிக்கட்டும். சக்கரத்தையே பார்த்தோம். முன்னால் பிடித்து இழுப்பது ஒரு ஆள், பின்னால் சுற்றிவிடுவது வேறு ஆள். முன் சக்கரம் திரும்புவதை நம்பியே ஏன் இருக்க வேண்டும்? காரின் பின்பக்கத்தை அகட்டிவிட்டால் மூக்கு தானாக உள்ளே திரும்பாதா?

கயல்விழிக்கு போன் போட்டேன். தேர் சத்தத்தில் அவளுக்குப் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியை வைத்துக்கொண்டே, "கரெக்ட் அங்கிள், முன்னாடி சாஃப்ட், பின்னாடி ஹார்டு, வால் சறுக்கும்" என்றாள். "ஏம்மா முன்னமே சொல்லல?" என்றேன். "நீங்க முதல்ல சொன்னதையே கேக்கலயே அங்கிள்" என்றாள்.

மறுநாள் பின்பக்கத்துக்கு ஒரு வேனின் கெட்டி ஷாக்கை எடுத்துப் பொருத்தினேன். கெட்டி வேலை, எனக்குக் கை குளிர்ந்தது. வளைவில் பாரம் சாய்கிற பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் கெட்டி எண்ணெய். பெருமையோடு இடது பின் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். சூசை குந்திக்கொண்டு பார்த்தான்.

"மாமா, நீ சாமிய சுத்தறியா, ரேஸ் ஓட்டறியா?"

புரியவில்லை.

"தேரு வலம் வரும். நாங்க இடம் வரோம். பாரம் வலப்பக்கம் சாயும்."

எழுபது வருஷமாகக் கோயிலை வலமே சுற்றின கால். என் தலைக்குள் எல்லா வண்டியும் வலப்பக்கமே திரும்பிக்கொண்டிருந்தது. கழற்றி வலப்பக்கம் மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையைக் கூப்பி வலமாக ஒரு சுற்று சுற்றிக் காட்டினான். ரோசலியும் சேர்ந்துகொண்டாள். தட்டில் சோறு வைத்துவிட்டு, "வலது பக்கம் பொரியல், இடது பக்கம் ஊறுகா, மாத்தித் தின்னுடாத" என்பாள்.

காலை அழுத்து

இப்போது கார் திரும்பியது. நன்றாகவே திரும்பியது. வளைவுக்கு முன்னால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் முன்பக்கம் படுக்கும், பின்பக்கம் லேசாகிச் சறுக்கிக்கொண்டு வரும், மூக்கு உள்ளே பார்க்கும். சூசையின் கை கோட்டுக்குக் கீழேயே நின்றது.

ஆனால் வால் சறுக்கும்போது லாரிக்காரன் என்ன செய்வான்? பயந்து காலை எடுப்பான், ஸ்டேரிங்கை எதிர்ப்பக்கம் சுழற்றுவான். எதிர்ப்பக்கம் என்றால் வலப்பக்கம். இடது கை மேலே ஏற வேண்டும். ஏறாது. இரண்டு தடவை அப்படியே சுழன்று நின்றான்.

கயல்விழி சொன்னாள், "இது முன் சக்கரம் இழுக்கிற வண்டி அங்கிள். வால் போனா பயப்படாம ஆக்ஸிலேட்டர அழுத்துங்க. முன்னாடி இழுத்து நேராக்கிடும். கைய அசைக்காதீங்க."

சொல்வது சுலபம். முப்பது வருஷமாகப் பழகின கால் அது. காலுக்குச் சொன்னால் கேட்குமா? சூசை வீட்டில் சாப்பிடும்போதுகூட வலது காலை அழுத்திக்கொண்டிருந்தான் என்று ஜான்சி ரோசலியிடம் சொன்னாளாம். கோபமாகச் சொன்னாள் என்று ரோசலி சொன்னாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "கோவம்னும் சொல்ல முடியாது" என்றாள்.

ஆடிக் காற்றில்

ரேஸ் ஆடியில். காற்று ஏரியைத் தூக்கிக்கொண்டு போனது. கரைமேல் சனம் துண்டை மூஞ்சியில் கட்டிக்கொண்டு நின்றது. பேல்பூரிக்காரனும் ஐஸ்காரனும் மண்ணையும் சேர்த்து விற்றார்கள்.

ஜான்சி வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். என் பக்கத்தில் நின்றாள். கையில் பை, பையில் மருந்து, பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் இருந்தது பிறகு தெரிந்தது.

புறப்படுவதற்கு முன் நான் காருக்குள் குனிந்து அழிந்துபோயிருந்த சாக்பீஸ் கோட்டை மறுபடி இழுத்தேன். சூசை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"மாமா, உன் சாமிக்கும் சொல்லிடு. எந்தப் பக்கம் சுத்தறோம்னு சேத்து சொல்லு."

கொடி விழுந்தது. மற்றவர்கள் பையன்கள், பாய்ந்தார்கள். சூசை கடைசியில் போனான். கரும்பு லாரி மாதிரி நிதானம். முதல் வளைவில் வால் அழகாக அகன்றது, மூக்கு திரும்பியது. நான் பெருமூச்சு விட்டேன். ஜான்சி மூச்சே விடவில்லை.

சுற்றுச் சுற்றாகப் போனது. முன்னே போனவர்களில் ஒருவன் கரையில் ஏறிக் கவிழாமல் நின்றான். இன்னொருவன் எஞ்சின் கொதித்து ஒதுங்கினான். சூசை யாரையும் முந்தவில்லை, ஆனால் அந்த இரண்டு பேரும் அவனுக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

கடைசிச் சுற்று. தூர வளைவில் முன்னால் போன கார் சறுக்கிக் குறுக்கே நின்றுவிட்டது. புழுதி எழும்பி ஒன்றும் தெரியவில்லை. சூசை அந்தப் புழுதிக்குள் போனான். அவன் காரின் வால் அகல்வது மட்டும் தெரிந்தது. இந்தத் தடவை ரொம்ப அகன்றது. மண் கரையை நோக்கிப் பின்பக்கம் போனது.

எனக்கு என் வலது கால் மண்ணை அழுத்துவது தெரிந்தது. பக்கத்தில் பார்த்தேன். ஜான்சியின் செருப்பும் மண்ணில் அழுந்திக்கொண்டிருந்தது.

"அழுத்துப்பா" என்றாள். கத்தவில்லை. தனக்குள் சொல்லிக்கொண்டாள். "காலை எடுக்காத. அழுத்து."

எஞ்சின் சத்தம் குறையவில்லை. ஏறியது. புழுதியிலிருந்து மூக்கு முதலில் வந்தது, பிறகு முழுக் காரும் நேராக வந்தது. பின் பம்பருக்கும் கரைக்கும் நடுவில் ஒரு கை போகும்படிதான் இடம் இருந்தது என்று வளைவில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஜான்சியின் காலை.

எத்தனையாவது வந்தான் என்று கேட்பீர்கள். நடுவில் எங்கேயோ. கோப்பை வாங்கினவன் பெயர் ஞாபகம் இல்லை.

கோடு

சூசை இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். கண் இருந்த இடம் மட்டும் சுத்தம், மீதி எல்லாம் மண். கயல்விழி வந்து கை கொடுத்தாள். அவன் இடது கையைக் கொடுத்தான், அவள் அதைக் கவனிக்காத மாதிரி பிடித்துக் குலுக்கினாள்.

ஜான்சி அப்பனிடம் போகவில்லை. காரைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் குனிந்து கரை மண் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கூண்டுக்குள் நுழைந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டேரிங்கைப் பிடித்தாள். டேஷ்போர்டில் புழுதி மூடியிருந்தது. உள்ளங்கையால் துடைத்தாள்.

"இன்னா கோடு மாமா இது?"

"உங்கப்பன் கை அதுக்கு மேல ஏறாது. அது வரிக்கும்தான் வண்டி கேக்கணும்னு போட்டது."

அவள் தன் இடது கையை ஸ்டேரிங்கோடு கோடு வரைக்கும் கொண்டுபோனாள். நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ தடவை அப்பன் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தவள். அது எதுவரைக்கும் எட்டும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் அந்த எட்டத்துக்குள் ஒரு வண்டி ஓடும் என்பதை அப்போதுதான் பார்த்தாள்.

பைக்குள் கையை விட்டாள். பஞ்சும் கட்டுத்துணியும் மடியில் வந்து விழுந்தன. அடியிலிருந்து சாவியை எடுத்தாள். சூசை கையை நீட்டினான். அவள் என்னிடம் கொடுத்தாள்.

"இன்னாம்மா, என்கிட்ட குடுக்கற?"

"உன்கிட்டதான் மாமா. குட்டியானையிலயும் இதே மாதிரி கோடு போட்டு, அதுக்குள்ள ஓடற மாதிரி பண்ணிக் குடு. அந்த பவர் ஸ்டேரிங்கு பட்டறைல சும்மா கெடக்குதுன்னு அத்த சொல்லிச்சு. ரோட்டுல மெதுவாதான் போகப் போறாரு, சுத்தட்டும், வலது கையே போதும். பண்ணிட்டு, நீ சாவிய அவர்கிட்ட குடு. தோள்ல ஒண்ணுன்னா உன்னத்தான் கேப்பேன்."

"போன்ல பேசற மாதிரி இக்குமே" என்றான் சூசை.

"பேசு. யார் வாணாம்னா?"

மறுநாள் காலையில் குட்டியானை பட்டறை வாசலில் நின்றது. சூசை பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான், ஓட்டிக்கொண்டு வந்தது ஜான்சி. இறங்கி, வண்டியைக் கொண்டுவர ராத்திரி வாங்கிப்போன சாவியை மறுபடி என் கையில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறப் போனாள். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு உள்ளே குனிந்தேன். பிறகு பின்பக்கம் போய்க் கையால் அழுத்திப் பார்த்தேன். நிறைய அமுங்கியது. பழக்க தோஷத்தில் ஒரு பட்டை சேர்க்கத் தோன்றியது, ஆனால் கையை எடுத்துக்கொண்டேன், ரேஸ் காரின் முன்பக்கம் மாதிரி இதையும் மெத்தென்று விட வேண்டுமோ என்று.

"இன்னா மாமா முழிக்கற?" என்றான் சூசை. "இது வாழத்தாரு ஏத்தற வண்டி. நீ உன் இஷ்டத்துக்குக் கெட்டியா வை."